வாசற்படிக்கு மேலே ஏறிய சாலை

எங்கள் வீட்டின் முன்னால் செல்லும் சாலையை நான் வெறுக்கிறேன். ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து புறப்பட்டு ஸ்ரீபெரும்புதூரை நோக்கி விரையும் வண்டிகளில் அமர்ந்திருப்போருக்கு அது அகன்ற, கறுத்த, பயனுள்ள ஒரு பொருள். அதன் ஓரத்தில் குடியிருப்பவனுக்கோ, ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே வந்து தன் வீட்டை மண்ணுக்குள் அழுத்தும் ஒரு பகை. இந்த வீட்டை நாங்கள் கட்டியபோது சாலையிலிருந்து படியேறித்தான் உள்ளே நுழைந்தோம். பிறகு இறங்கி நுழைய வேண்டியதாயிற்று. வீடு தாழவில்லை, அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாலைதான் ஏறியது.

அது ஏறிய விதத்தை நான் முழுவதும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு வாசலில் அமர்ந்து சாலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று என் மனைவி சொல்வாள். பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சாலை ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் அதை வெயில் தின்கிறது. புதிதாகப் போட்ட தாரில் ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. கல்லையும் கல்லையும் பிணைத்து வைத்திருப்பது அதுதான். சித்திரை வெயில் ஒன்று, வைகாசி வெயில் ஒன்று என்று ஆண்டுகள் அதன்மேல் காயக் காய அந்தப் பசை வற்றுகிறது. கறுப்பு சாம்பலாகிறது. வளைந்துகொடுத்த பொருள் இறுகி, மண் ஓடுபோல நொறுங்கும் தன்மை பெறுகிறது. பிறகு மயிரிழை போன்ற கீறல்கள் தோன்றி, ஒன்றோடொன்று கூடி, உடும்பின் முதுகுபோலச் செதில் செதிலாகப் பிளந்து நிற்கும்.

வெயில் தொடங்கியதை வண்டிகள் முடிக்கின்றன. எங்கள் ஊரில் ஓடுபவை சாதாரண வண்டிகள் அல்ல. கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்கள், பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்களைச் சுமக்கும் கன்டெய்னர்கள், இரும்புச் சுருள்களை முதுகில் கட்டிய லாரிகள் ஆகியவை இரவு பகல் பாராமல் போகின்றன. விரைந்து செல்லும் வண்டி சாலைக்கு அவ்வளவு கேடு செய்வதில்லை. நிற்பதும், நின்று நகர்வதும், பிரேக் பிடிப்பதுமே கேடு. உச்சி வெயிலில் இளகிய தாரின்மேல் அவை நிற்கும்போது சக்கரம் பதிந்த இடம் பள்ளமாகிறது. அங்கிருந்து பிதுங்கிய தார் இருபுறமும் வரப்பாகிறது. எந்திரத்திலிருந்து சொட்டும் டீசல், இருக்கிற பசையையும் கரைத்துவிடுகிறது. இதன்மேல் மழை பெய்தால் போதும். கீறல் வழியே நீர் உள்ளே இறங்கும். அதன்மேல் சக்கரம் ஏறும். அழுத்தப்பட்ட நீர் தப்பிக்க வழியின்றிக் கல்லிலிருந்து தாரை உரித்துக்கொண்டு பீறிடும். ஒரு கல் பெயரும். அதன் அண்டைக் கல் பெயரும். அடியில் இருப்பது ஏரிப் பக்கத்துக் களிமண். நீர் பட்டதும் அது நெகிழ்ந்து கொடுத்துவிடும். அப்புறம் அதற்குப் பெயர் சாலை அல்ல, குழி.

குழியானதும் என்ன செய்கிறார்கள்? பழைய சிதைவை அகற்றாமல் அதன் தலைமேலேயே புதிய தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போகிறார்கள். அது கெட்டதும் அதன்மேல் இன்னொன்று. இப்படித்தான் சாலை எங்கள் வாசற்படியை எட்டி, பிறகு தாண்டியது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சாலையின் நீர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் மனைவிக்கு முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறுவது அவளால் ஆகாது. மாடியறையில் தெற்கிலிருந்து வந்த தொழிற்சாலைப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழ்த்தளம்தான் அவளுக்கு உலகம். கணுக்கால் நீரில் அவள் கட்டிலிலிருந்து இறங்கி, சமையலறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று முதல் வானம் கறுத்தாலே அவள் முகமும் கறுத்துவிடும்.

“இன்னொரு வாட்டி ரோட்டுத் தண்ணி உள்ள வந்துச்சின்னா நான் வாலாஜாபாத்ல என் அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்,” என்றாள். “அப்புறம் நீங்களும் உங்க ரோடும் குடும்பம் நடத்துங்க.”

விளையாட்டாகச் சொல்பவள் அல்லள். அடுத்த மழைக்குள் சாலையைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்கு இறக்கச் செய்வேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

இந்த வாக்குக்கு முதல் எதிரி எங்கள் வீட்டை ஒட்டித் தேநீர்க்கடை வைத்திருந்த பெண்மணி. உள்ளூர்க்காரி, உரத்த குரல், யாருக்கும் அஞ்சாதவள். வாசல் தெளிக்கும் வழக்கத்தை அவள் சாலை வரைக்கும் நீட்டியிருந்தாள். புழுதி அடங்குவதற்காகக் காலையிலும் மாலையிலும் குடம் குடமாகத் தண்ணீரைத் தார்மேல் வீசுவாள். கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிய நீரும் அங்கேயே போகும். அவளுடைய தேநீருக்காக டிரெய்லர்கள் அதே ஈரத்தின்மேல் வந்து நிற்கும். சுற்றிலும் சாலை வெயிலில் மட்டும் கெட்டுக்கொண்டிருக்க, எங்கள் வாசலில் மட்டும் அது ஆண்டு முழுவதும் மழைக்காலத்தை அனுபவித்தது. அங்கே விழுந்த குழியில் ஒவ்வொரு சக்கரமும் இறங்கி ஏறும்போது எங்கள் வீட்டுச் சன்னல்கள் அதிர்ந்தன.

ஒருநாள் காலையில் அவள் குடத்தோடு நிற்கும்போதே போய்க் கேட்டேன்.

“ஏம்மா, தார் ரோட்டுல தண்ணி ஊத்தாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?”

“இன்னா வாத்தியாரே, நான் இன்னா ஆசிட்டா ஊத்தறேன்? தண்ணி தான? மேலருந்து ஊத்தறானே, அவன போயி இன்னான்னு கேளு.”

“அவன் வருஷத்துல ஒரு பருவம் ஊத்தறான். நீ தினமும் ஊத்தற.”

“மண்ணு பறக்குது. டீயில மண்ணு வுழுந்தா எவன் குடிப்பான்? நீ குடிப்பியா? இத்தினி வருசமா பக்கத்துல கீற, ஒரு டீ வாங்கிக் குடிச்சிருப்பியா? என் கட மேல மட்டும் கண்ண வச்சிகினு உக்காந்துகினு கீற.”

பெஞ்சில் ஷிஃப்ட் முடிந்து அமர்ந்திருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். எங்கள் மாடியறைப் பையன் ஒருவனும் அவர்களோடு இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்தவன். “ஐயா, கோவப்படாதிய. அந்தக் குழிக்கு நல்லதா ஒரு தமிழ்ப் பேரு வச்சுக் குடுங்க. ஃப்ரெண்டுக்கு அட்ரஸ் சொல்ல வசதியா இருக்கும்லா,” என்றான்.

“வாத்தியார் பள்ளம்னு வையி. கரீட்டா வந்து சேந்துடுவாங்கோ,” என்றாள் அவள். குடத்தில் மிச்சமிருந்த நீரையும் குழியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவள் செய்த இரண்டாவது கேடு இதனினும் பெரிது. சாலையின் ஓரத்தில் மழைநீர் ஓடுவதற்கு ஒரு கால்வாய் இருந்தது. லாரிகள் கடைக்கு அருகே ஒதுங்கி நிற்பதற்காக அவள் அதைக் கட்டடக் கழிவால் நிரப்பி மேலே சிமென்டுப் பலகை போட்டுவிட்டாள். அவள் மட்டுமல்லள், அந்த வரிசையில் டயர் பஞ்சர் போடுபவர், பிரியாணிக் கடைக்காரர், விடுதி நடத்துபவர் எல்லாரும் அதையே செய்திருந்தார்கள். நீருக்கு இடமில்லை, லாரிக்கு இடமுண்டு என்பதே அந்த வரிசையின் அறம்.

மழைக்கு முன் சாலையைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் எங்கள் பகை முற்றியது. அவளுக்கு வேண்டியது மேலே ஒரு கறுப்புப் பூச்சு. அதுவும் ஒரே நாளில். எனக்கு வேண்டியது சுரண்டல். சுரண்டினால் கடை வாசலை அடைத்துவிடுவார்கள், லாரி நிற்காது, அடுப்பு எரியாது என்று அவள் தெருவெங்கும் சொன்னாள். நான் சாலை வேலையைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: “எந்த இடம் சார்?” ஒவ்வொரு முறையும் ஒரே விடை: தேநீர்க்கடையிலிருந்து என் வீட்டின் முன்னுள்ள மின்கம்பம் வரை. அதைத் துல்லியமாகவே சொன்னேன். துல்லியமின்றிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. நான் வரும்போதெல்லாம் அங்கிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னேன்.

ஒருநாள் பிற்பகலில் சுரண்டும் இயந்திரம் உண்மையாகவே வந்தது. பற்கள் பதித்த உருளை சுழன்று பழைய தாரைக் கடித்தெடுத்து, பின்னால் வந்த லாரிக்குள் துப்பிக்கொண்டே நகர்ந்தது. தேநீர்க்கடையின் மேல் புழுதி ஒரு போர்வையாக இறங்கியது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இயந்திரத்தையும் என்னையும் ஒரே சொல்லால் வைதாள். எனக்கு அது இனிமையாகவே இருந்தது. வெட்டிய விளிம்பில் குனிந்து பார்த்தேன். இத்தனை ஆண்டுகளின் சோம்பேறித்தனமும் அங்கே அடுக்கடுக்காகத் தெரிந்தது: அடியில் பருங்கல், அதன்மேல் வெளிறிய தார், அதன்மேல் மண், மறுபடியும் தார். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நசுங்கிய ஒரு பிஸ்கட் உறைகூட இருந்தது. பெருக்கிவிட்டுப் போடக்கூட அவர்களுக்குக் கை வரவில்லை.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

“நெஜமாவே கீழ போயிடுச்சேங்க,” என்றாள். நெடுநாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் எழுந்து வெளியே வந்தபோது இயந்திரத்தைக் காணவில்லை. நான் சொன்ன இடம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது: தேநீர்க்கடையிலிருந்து மின்கம்பம் வரை. அதற்கு அப்பாலும் இப்பாலும் பழைய சாலை பழைய உயரத்திலேயே கிடந்தது. அந்த உயரத்தின்மேல் சுடுதார் விரிக்கும் வண்டி ஆவி பறக்க வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் ஒளிரும் பச்சை மேலங்கியோடு உருளை வண்டியின் பக்கத்தில் நின்றான். அவனிடம் ஓடினேன்.

“மத்த இடத்தை ஏம்ப்பா சுரண்டலே?”

“சார், கம்ப்ளைண்ட் உங்க வூட்டு வாசலுக்குத் தான் வந்துச்சி. அத முடிச்சாச்சி. மத்தவங்க யாரும் கேக்கலியே.”

“ரெண்டு பக்கமும் மேடு, நடுவுல பள்ளம். மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?”

“ஸ்லோப் குடுத்துடுவோம் சார்.”

“எந்தப் பக்கம்?”

அவன் சாலையைப் பார்த்தான். எதிர்ப்பக்கத்துத் தொழிற்சாலைச் சுவரைப் பார்த்தான். கடைசியில் எங்கள் வாசலைப் பார்த்தான். பிறகு, “சார் இன்னா வாத்தியாரு? சயின்ஸா?” என்றான்.

“தமிழ்.”

“அதான் சார்,” என்று சொல்லிவிட்டு உருளை வண்டிக்காரனுக்குக் கையசைத்தான்.

சாலை முழுவதையும் சுரண்டு என்று கேட்பதற்கு நான் என்ன, அமைச்சரா? என் வாசலுக்குத்தான் நான் பேச முடியும். ஒரு சாலை தொடர்ச்சியானது, அதில் ஓர் இடத்தை மட்டும் வெட்டித் தாழ்த்தினால் அது தொட்டியாகும் என்பதைத் தெரிந்திருக்க வேண்டியது அதற்காகச் சம்பளம் வாங்குபவர்கள். புகார் வந்த இடத்தைப் புகார் சொன்னவன் வாயை அடைப்பதற்காக மட்டும் தொடுவது என்பது இங்கே வேலைமுறை ஆகிவிட்டது. அந்த மேற்பார்வையாளனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

தேநீர்க்கடைப் பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு புதுத் தார் பூசிய அந்தப் பளபளப்பான பள்ளத்தைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் ரோடு, நமக்கு மட்டும் தொட்டி,” என்றாள். “போய்ப் போய்க் கேட்டு வாங்கினு வந்தியே வாத்தியாரே, உன் வூட்ட மட்டும் முழுக்கிக்கோ. என் கடைய ஏன் கூட இஸ்துகினு போற?”

இனி எஞ்சியிருந்தது கால்வாய் ஒன்றுதான். மாடியறைப் பையன்களிடம் கடப்பாரை ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு அவளுடைய சிமென்டுப் பலகையை உடைக்கப் போனேன். அவள் ஒரு முக்காலியை எடுத்து வந்து பலகையின் நடுவே போட்டு, அதில் அமர்ந்து, வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

“ஒடை,” என்றாள்.

“எழுந்திரு.”

“ஒடைன்றேன்ல? இத ஒடச்சா, பஞ்சர் கடைக்காரன் ஒடைப்பானா? பிரியாணிக் கடைக்காரன் ஒடைப்பானா? என் கால்வாய்ல தண்ணி போயி அவன் மண்ணுல முட்டிகினு திரும்பி என் கடைக்கே வரும். நான் லாரியும் இல்லாம, கடையும் இல்லாம நிக்கணும். உனுக்குப் பென்சன் வருது. எனுக்கு இன்னா வருது?”

அவள் சொன்னதில் பிழையில்லை என்பதே எனக்குப் பெருஞ்சினத்தை உண்டாக்கியது. கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று மாலை மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் தன் மருந்துகளை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினாள்.

ஐப்பசி பிறந்தது. ஓர் இரவு முழுவதும் பெய்து, விடிந்த பிறகும் மழை விடவில்லை. பொழுது புலரும்போது வாசலுக்கு வந்து பார்த்தேன். புதிய சாலை நல்ல சாலைதான். ஒரு துளியையும் உறிஞ்சவில்லை. மேட்டில் விழுந்த நீரெல்லாம் வழவழவென்று இருபுறமிருந்தும் எங்கள் பள்ளத்துக்கு ஓடி வந்தது. பள்ளம் நிறைந்ததும் படியைத் தொட்டது. படி மறைந்ததும் உள்ளே வந்தது. சென்ற ஆண்டு கணுக்காலோடு நின்ற நீர் இம்முறை முழங்காலுக்கு ஏறியது. வெயிலிலும் மழையிலும் சாலை தேய்ந்த காலத்தில்கூட எங்கள் வீடு இவ்வளவு நனைந்ததில்லை. அது செம்மையாக்கப்பட்ட பிறகே நனைந்தது.

என் மனைவி கட்டிலின்மேல் கால்களை நீட்டி அமர்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. “அண்ணனுக்கு போன் போடுங்க,” என்றாள்.

அவள் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஆனால் எங்கள் சாலையெங்கும் நீர் தேங்கிக் கிடந்ததால் ஒரகடம் மேம்பாலத்துக்கு இப்பால் வர முடியவில்லை, அங்கேயே நிற்கிறேன் என்றார். ஷேர் ஆட்டோ ஒன்றும் ஓடவில்லை. எங்கள் பள்ளத்தைக் கடக்க முடிந்தவை டிரெய்லர்கள் மட்டுமே. அவற்றின் சக்கரங்களுக்கு அந்த நீர் ஒரு பொருட்டில்லை.

தேநீர்க்கடையில் அடுப்பு மூழ்கியிருந்தது. கடைக்காரி புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பால் பாத்திரங்களைக் கூரைக் கம்பியில் மாட்டிக்கொண்டே எனக்கும் என் சுரண்டலுக்கும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வாசலில் நான் கைப்பேசியோடு நிற்பதைப் பார்த்து, “இன்னா ஆச்சி?” என்று கத்தினாள். சொன்னேன். அவள் என்னை மேலும் இரண்டு சொல் வைதுவிட்டு, நடுச்சாலையில் இறங்கி, வந்துகொண்டிருந்த கார் டிரெய்லர் ஒன்றின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அது நின்றது. ஓட்டுநர் அவளுடைய கடையில் நாள்தோறும் தேநீர் குடிப்பவர்.

“இந்த அக்காவ பிரிட்ஜாண்ட எறக்கி வுட்ரு. அவங்க அண்ணன் நிக்கறாரு,” என்றாள்.

மாடியறைப் பையன்கள் இரவு ஷிஃப்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவியை அமர்த்தித் தூக்கினோம். ஒருபுறம் ஓட்டுநர், மறுபுறம் தேநீர்க்கடைக்காரி. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா வேடிக்க பாத்துகினு கீற? பின்னால புடி வாத்தியாரே. வூட்டுக்காரி உன்னுதா, என்னுதா?”

பிடித்தேன். டிரெய்லரின் முன்னறைக்கு ஏறும் இரும்புப் படிகள் என் நெஞ்சுயரம்வரை செங்குத்தாக நின்றன. வீட்டு மாடிப்படியே ஏற முடியாதவளை அங்கே ஏற்ற வேண்டியிருந்தது. ஓட்டுநர் மேலே ஏறி நின்று அவள் அக்குளில் கை கொடுத்தார். “பயப்படாதிய ஆச்சி, என்னையப் பிடிச்சிக்கிடுங்க. கீழ பாக்காதிய,” என்றார். தேநீர்க்கடைக்காரி கீழிருந்து தாங்கினாள். முழங்கால் மடங்கியபோது என் மனைவி அலறிய அலறல் மழையையும் மீறிக் கேட்டது. ஒருவழியாக இருக்கையில் சேர்ந்தாள். மருந்துப் பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

“நீயும் ஏறு,” என்றாள் தேநீர்க்கடைக்காரி.

“வீட்டைப் போட்டுட்டு எப்படி வர்றது?” என்றேன்.

என் மனைவி மேலிருந்து என்னைப் பார்த்தாள். “அவரு வர மாட்டாரு. வண்டிய எடு தம்பி,” என்றாள்.

“மெதுவாப் போப்பா,” என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவரும் மெதுவாகத்தான் எடுத்தார். ஆனால் அத்தனை கார்களைச் சுமந்த வண்டி எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் பள்ளத்து நீர் விலகித்தான் ஆக வேண்டும். விலகிய நீர் ஒரு நீண்ட மேடாக எழுந்து எங்கள் வீட்டை நோக்கித் திரும்பியது. வாசலைத் தாண்டி, கூடத்தைக் கடந்து, சமையலறைச் சுவரில் மோதி, அங்கிருந்த பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மீண்டும் கூடத்துக்கு வந்தது.

“கதவ மூடுய்யா!” என்று அவள் தன் கடையிலிருந்து கத்தினாள். “பின்னால இன்னொரு வண்டி வருது!”

இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளினேன். விடியலிலிருந்து நீரில் நின்ற மரம் ஊறிப் பருத்திருந்தது. அது நிலைக்குள் பொருந்த மறுத்தது.